மிஸ்ஸி வண்டி

நீர்க்கல் தோட்டம்,
நோர்வூட்.
2026 ஜனவரி 18

அருட்சகோதரி அவர்களுக்கு,

ரொஷான் எழுதுகிறேன். நலம் விசாரிக்க அல்ல, ஒரு கையெழுத்துக்காக. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

போன நவம்பர் கடைசியில் பெய்த மழையில் மேமலைப் பிரிவுக்குப் போகும் பாதை கோயிலடி வளைவில் சரிந்துவிட்டது. பாதையில் மிச்சம் இருப்பது ஒரு ஆள் ஒரு கையை நீட்டினால் அடைத்துக்கொள்ளும் அகலம்தான். பேக்கரிப் பாண் விற்கும் என் ஓட்டோ அதில் ஏறாது. மேலே அறுபது குடும்பம். கடை கிடையாது. ஒரு இறாத்தல் பாணுக்கு ஏழு கிலோமீட்டர் இறங்கி, மறுபடி ஏழு கிலோமீட்டர் ஏறுகிறார்கள். பாதையை எப்போது கட்டுவார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் மோட்டார் சைக்கிள் போகும். தோட்ட வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா தினமும் போய் வருகிறார்.

நீங்கள் தோட்டத்து மருத்துவமாதாக, எல்லாருக்கும் மிஸ்ஸியாக, இருந்தபோது ஓட்டிய ஹொண்டா மாட்டுப் பட்டிக்குப் பின்னால் கிடக்கிறது. 2015 ஆகஸ்டில் நீங்கள் போன நாளிலிருந்து யாரும் அதைத் தொடவில்லை. ஓடுமா என்று தெரியாது. ஓடினாலும் வண்டிப் பதிவுப் புத்தகம் உங்கள் பெயரில் இருக்கிறது. உரிமை மாற்றும் படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். புள்ளடி போட்ட இடங்களில் கையெழுத்து வைத்து அனுப்பவும்.

பிரேமினி சுகம் கேட்டதாக எழுதச் சொன்னாள். அது அவள் சொன்னது.

ரொஷான்

*

மடம்,
சிலாபம்.
2026 ஜனவரி 29

என் அன்புத் தம்பி ரொஷானுக்கு,

உறையில் உன் எழுத்தைப் பார்த்ததும் மதர் என்னைக் கூப்பிட்டு, உட்காரச் சொல்லி, ஒரு கிளாஸ் தண்ணீரும் வைத்துவிட்டுத்தான் கடிதத்தைக் கொடுத்தார்கள். பத்து வருஷமாக யாரும் எழுதாத ஆளுக்குக் கடிதம் வந்தால் அது சாவுச் செய்தியாகத்தான் இருக்கும் என்று நினைத்திருப்பார்கள். நான் படித்துவிட்டு, "என் மோட்டார் சைக்கிளுக்குக் கையெழுத்து வேண்டுமாம், மதர்" என்றேன். அவர்கள் என்னை மேலும் கீழும் பார்த்தார்கள். "உங்களுக்கு மோட்டார் சைக்கிளா?" அன்று சாப்பாட்டு மேசையில் பதினோரு சகோதரிகளும் என்னை அப்படித்தான் பார்த்தார்கள்.

படிவத்தில் எல்லா இடத்திலும் கையெழுத்து வைத்திருக்கிறேன். புள்ளடி போட மறந்த ஓர் இடத்திலும் வைத்திருக்கிறேன்.

ஒவ்வொரு டிசம்பரிலும் நத்தாருக்கு உனக்கு எழுதினேன். ஒன்றுக்கும் பதில் வரவில்லை. நீயும் பிரேமினியும் நின்ற கல்யாணப் படத்தைக்கூட இங்கே பூசை வைக்க வந்த நோர்வூட் பாதர்தான் தன் போனில் காட்டினார். கழுத்துப் பட்டி கோணலாக இருந்தது. சரிசெய்ய யாரும் இல்லையா என்று நினைத்தேன். பிறகு, அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை என்றும் நினைத்தேன்.

வண்டியை எடுத்தவுடன் கிக்கரை மிதிக்காதே. பிளக்கைக் கழற்றி, உள்ளே கொஞ்சம் எண்ணெய் விட்டு, பின் சில்லைக் கையால் மெல்லச் சுற்றிப் பார். இத்தனை வருஷம் கிடந்த என்ஜினை அவசரப்படுத்தினால் உள்ளே கீறிவிடும்.

எங்கள் மடத்தில் வெளியே போவதும் இல்லை, போன் பேசுவதும் இல்லை. கடிதம் எழுதலாம். வண்டி எப்படி இருக்கிறது என்றாவது எழுது. பிரேமினிக்கு என் அன்பு. இது நான் சொல்வது.

அக்கா சுகிர்தம்

*

நோர்வூட்.
2026 பெப்ரவரி 15

சகோதரிக்கு,

படிவம் கிடைத்தது. நன்றி.

மிதிக்காதே என்ற உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே நாலு தடவை மிதித்துவிட்டேன். ஒரு சத்தமும் இல்லை. பிறகு நோர்வூட்டில் கராஜ் வைத்திருக்கும் ஆண்டியப்பனிடம் தள்ளிக்கொண்டு போனேன். டயர் இரண்டும் உழுந்து வடை மாதிரி உதிர்ந்துகொண்டே வந்தன. வழியில் பார்த்தவர்கள் எல்லாரும் அக்காவிடமிருந்து செய்தி உண்டா என்றுதான் கேட்டார்கள். நான் தலையைக் குனிந்து தள்ளிக்கொண்டே போனேன்.

ஆண்டியப்பன் ஒவ்வொன்றாகக் கழற்றினார். ஹெட்லைட்டுக்குள் எலிக் கூடு. வயர் எல்லாம் கடித்துத் துண்டு துண்டாகக் கிடந்தது. டேங்க்குக்குள் துரு. சீட்டைத் தூக்கினால் பாசி. நான் கைவிட்டுவிட்டேன். அதற்குப் பிறகுதான் அவர் பிளக்கைக் கழற்றி, உள்ளே விரலை விட்டு, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ரொசான், இத யாரு நிப்பாட்டுனது?"

"எங்க அக்கா."

"சும்மா நிப்பாட்டல தம்பி. சிலிண்டருக்குள்ள எண்ணெய் ஊத்தியிருக்காங்க. காபரேட்டர்ல ஒரு சொட்டு பெட்ரோல் விடாம வடிச்சிருக்காங்க. சைலன்சர் வாய்ல பொலித்தீன் கட்டியிருக்காங்க. திரும்ப ஓடணும்னு நெனைக்கிறவங்கதான் இப்புடிச் செய்வாங்க. பிஸ்டன் புதுசு மாதிரி இருக்கு."

அவர் சந்தோஷமாகச் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. ஒரு இரும்புக்கு இவ்வளவு யோசித்துச் செய்திருக்கிறீர்கள். எண்ணெய் ஊற்றி, வடித்து, கட்டி, மூடி. அதற்கு ஒரு நாள் முழுக்க ஆகியிருக்கும். எனக்கு என்ன செய்தீர்கள்? வேலை முடிந்து வந்தபோது மேசையில் ஒரு தாள். "நான் மடத்துக்குப் போகிறேன். தேடாதே. சந்தோஷமாக இரு." மூன்று வரி. என் கல்யாணத்துக்கு அப்போது ஐந்து மாதம் இருந்தது. அம்மாவின் இடத்தில் நின்று நெற்றியில் சிலுவை போட வேண்டியவர் நீங்கள். அந்த இடத்தில் பிரேமினியின் அத்தை நின்றார்.

ஏன் என்று கேட்கிறேன். பத்து வருஷத்துக்கு முன்பே கேட்டிருக்க வேண்டும். பதில் எழுதுங்கள்.

ரொஷான்

*

நோர்வூட்.
2026 மார்ச் 6

சகோதரிக்கு,

மூன்று வாரம் ஆகிறது. தபால்காரரிடம் இரண்டு தடவை விசாரித்துவிட்டேன். பதில் சொல்ல விருப்பமில்லை என்றால் அப்படியே எழுதுங்கள், நான் புரிந்துகொள்வேன். வழக்கம்போல ஒன்றும் சொல்லாமல் இருந்துவிடாதீர்கள்.

நேற்று பின்னேரம் என்ஜின் ஓடியது. ஆண்டியப்பன் மிதிக்கச் சொன்னார், மூன்றாவது மிதியில் பிடித்துக்கொண்டது. கராஜ் முழுவதும் வெள்ளைப் புகை. உடனே உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதும் எனக்குப் பிடிக்கவில்லை.

ரொஷான்

*

நோர்வூட்.
2026 மார்ச் 22

அக்கா,

போன கடிதத்தைப் பெட்டியில் போட்டுவிட்டு வந்து பிரேமினியிடம் சொன்னேன். அவள் மாவு பிசைந்த கையோடு திரும்பிப் பார்த்தாள்.

"இப்ப தவக்காலம். சாம்பல் புதன்லேருந்து உயிர்த்த ஞாயிறு பாஸ்கா வரைக்கும் அந்த மடத்துல கடிதம் குடுக்கவும் மாட்டாங்க, எழுத விடவும் மாட்டாங்க. நீங்க கோயில் பக்கம் போயிருந்தா இதெல்லாம் தெரிஞ்சிருக்கும்."

நான் கோயிலுக்குப் போய்ப் பத்து வருஷம் என்பது உங்களுக்கு இப்போது தெரிந்துவிட்டது.

ஆக, என் கடிதங்கள் உங்கள் மதரின் மேசையில் அடுக்கி இருக்கும். இதையும் நீங்கள் பாஸ்கா அன்றுதான் படிப்பீர்கள். உடனே படிக்கமாட்டீர்கள் என்பது ஒரு விதத்தில் வசதியாக இருக்கிறது. ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

வண்டியை யாரும் தொடவில்லை என்று எழுதினேன். பொய். நீங்கள் போனபோது அது நாலு மரக்கட்டைமேல் நின்றது, டயர் தரையில் படாமல். மேலே பச்சைத் தார்ப்பாய், கயிறு போட்டுக் கட்டியிருந்தது. இரண்டாம் வருஷம் நான் தார்ப்பாயை அவிழ்த்து விறகு மூடினேன். கட்டைகளை எடுத்து அடுப்படிக் குசினிக்குப் படி வைத்தேன். தேவைக்காக என்றுதான் பிரேமினியிடம் சொன்னேன். தேவைக்காக இல்லை. வண்டி மழையில் நனைவதைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. டயர் போனதும், டேங்க் துருப்பிடித்ததும், எலி ஏறியதும் நான் செய்தது. ஆண்டியப்பன் உங்களைப் புகழ்ந்தபோது கோபம் வந்தது அதனால்தான்.

போன திங்கட்கிழமை முதல் தடவையாக இந்த வண்டியில் மேமலைக்குப் போனேன். புத்தகம் என் பெயருக்கு மாறிவிட்டது. புகைச் சோதனையில் இரண்டாம் தடவை தேறியது. லைசன்ஸில் மோட்டார் சைக்கிளும் இருக்கிறது, ஆனால் பரீட்சை நாளுக்குப் பிறகு நான் ஓட்டியதில்லை. பின்னால் பாண் பெட்டியைக் கட்டிக்கொண்டு, சரிவு வந்ததும் இறங்கித் தள்ளிக்கொண்டே போனேன். வலது பக்கம் பார்க்கவே இல்லை. அதற்கு அப்பால் முதல் கியரில் ஏறினேன்.

மேல் லயத்து வீடுகள் கண்ணுக்குத் தெரிவதற்குள் பெண்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். ஓட்டோவில் போகும்போது பாட்டுச் சத்தம் கேட்டு வருவார்கள். இந்த வண்டியில் பாட்டு இல்லை. எதற்கு வருகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. பேச்சியம்மா தலைத்துணியைச் சரிசெய்துகொண்டே ஓடி வந்தார்.

"மிஸ்ஸி வந்துட்டாங்களா?"

நான் ஹெல்மட்டைக் கழற்றினேன். அவர் முகம் அப்படியே விழுந்துவிட்டது.

"ரொசானா. என்ன, பாணா?"

"பாணும் பணிசும் இருக்குங்க."

"மிஸ்ஸி வண்டி சத்தம் மாதிரியே இருந்திச்சேப்பா."

"அதே வண்டிதாங்க."

அவர் கிட்டே வந்து டேங்க் மேல் கையை வைத்தார். சூடு என்று எடுத்துவிட்டு, மறுபடி வைத்தார். "லோஜன் வயித்துல இருக்கப்ப இதுல பின்னுக்கு வச்சுத்தான் என்னைய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. அவ்வளவு மழை. நான் வலியில கத்துறேன், அவங்க தம்பிக்கு ஆக்கி வச்ச சோறு ஆறிப்போயிருக்கும்னு பேசிக்கிட்டே வர்றாங்க." பிறகு சாதாரணமாகச் சொன்னார்: "எப்பவோ மடத்துக்குப் போக வேண்டியவங்க. ஒனக்காகத்தானே நின்னாங்க."

எனக்குத் தெரியாது என்றேன். ஊருக்கே தெரியுமே என்றார்.

பாண் எல்லாம் தீர்ந்துவிட்டது. அக்கா, பேச்சியம்மா சொன்னது உண்மையா?

ரொஷான்

*

சிலாபம்.
2026 ஏப்ரல் 6

என் தம்பிக்கு,

நேற்று பாஸ்கா பூசை முடிந்ததும் மதர் உன் மூன்று கடிதங்களையும் கொடுத்தார்கள். திகதிப்படி படித்தேன். இரண்டாவதைப் படித்துவிட்டு மூன்றாவதைப் பிரிக்கப் பயமாக இருந்தது. கோழிகளுக்குத் தீனி போட்டுவிட்டு வந்துதான் பிரித்தேன்.

பேச்சியம்மா சொன்னது உண்மை. எனக்கு இருபத்தொரு வயதில் இங்கே இடம் கிடைத்தது. உடுப்புகூடத் தைத்துவிட்டேன். அந்த வருஷம்தான் அம்மா போய்விட்டார்கள். அப்பா அதற்கு முன்பே இல்லை. உனக்கு ஒன்பது வயது. அப்போதைய மதருக்கு எழுதினேன். "கடவுளுக்கு அவசரமில்லை, தம்பியைப் பாருங்கள்" என்று பதில் வந்தது. பார்த்தேன்.

அதை நீ தியாகம் என்று எடுத்துக்கொண்டு மனதைப் புண்ணாக்கிக்கொள்ளாதே. அந்தப் பதினெட்டு வருஷமும் எனக்குப் பிடித்திருந்தது. மழைக்கோட்டுக்குள் நனைந்துகொண்டு மேமலை ஏறுவது பிடித்திருந்தது. பிறந்த பிள்ளையை முதலில் கையில் வாங்குவது பிடித்திருந்தது. நீ பேக்கரியில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் கருகிய பணிசைக் கொண்டுவந்து தந்தாயே, அதைப்போல் ஒன்றை நான் சாப்பிட்டதில்லை. ஆனால் இங்கே வர வேண்டும் என்ற ஆசையும் ஒரு நாளும் என்னைவிட்டுப் போகவில்லை. இரண்டும் சேர்ந்தே இருந்தன.

நீ கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான்: நான் பயந்தேன். சொன்னால் நீ அழுவாய். நீ அழுதால் நான் நின்றுவிடுவேன். கல்யாணம் முடியட்டும் என்று நிற்பேன், பிறகு பிள்ளை பிறக்கட்டும் என்று நிற்பேன். எனக்கு முப்பத்தொன்பது வயது, நாற்பதுக்கு மேல் இங்கே எடுக்கமாட்டார்கள். மழையில், இருட்டில், எத்தனையோ வீட்டுக்குப் போயிருக்கிறேன். உன் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. நீ இருபத்தேழு வயது ஆண்பிள்ளை, தாங்கியிருப்பாய். உன்னை நான் அப்படி நினைக்கவில்லை. அது நான் செய்த தவறு. மன்னித்துவிடு.

வண்டியை மூடி வைத்தபோது, அதை உனக்காகத்தான் வைக்கிறேன் என்று அந்தத் தாளில் நாலாவதாக ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதவில்லை.

தார்ப்பாய்க்காக வருந்தாதே. அவ்வளவு கோபத்தில் இருந்தவன் அதைப் பழைய இரும்புக்காரனிடம் தூக்கிக் கொடுத்திருக்கலாம். பத்து வருஷம் கொடுக்கவில்லையே.

இங்கே நான் ஏங்கும் ஒரே உலகப் பொருள் அந்த வண்டிதான் என்று பாவசங்கீர்த்தனத்தில் ஒருமுறை சொன்னேன். பாதர் சிரித்துவிட்டார். இப்போது அது பாண் சுமக்கிறது என்று கேட்டதில் இருந்து ஏக்கம் குறைந்திருக்கிறது.

அக்கா

*

நோர்வூட்.
2026 ஏப்ரல் 26

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைப் பிரேமினி சத்தமாகப் படித்தாள். நான் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். கழுவிய தட்டையே மறுபடி மறுபடி கழுவியிருக்கிறேன். அவள்தான் வாங்கி வைத்தாள்.

மன்னித்துவிட்டேன் என்று எழுத எனக்கு வரவில்லை. அது பெரிய மனிதர்கள் பேசுவதுபோல் இருக்கிறது. கோபம் எங்கே என்று தேடிப் பார்த்தேன். இருந்த இடத்தில் இல்லை. அவ்வளவுதான் சொல்ல முடியும்.

ஆனால் ஒன்று. நான் அழுதிருப்பேன் என்பது உண்மை. அழுதுவிட்டு உங்களை ஹட்டனில் பஸ் ஏற்றிவிட்டிருப்பேன் என்பதும் உண்மை. அந்த ஒன்று எனக்குக் கிடைக்காமல் போய்விட்டது. அதை இன்னும் நினைக்கிறேன்.

தினமும் மேமலை போகிறேன். இப்போது சரிவில் இறங்கித் தள்ளுவதில்லை. பாணைவிட மற்றச் சாமான்தான் அதிகம். பிரஷர் மாத்திரை, பள்ளிக் கொப்பி, போன் கார்ட், ஒரு நாள் கத்தரி நாற்றுக் கட்டு. கந்தப்பன் ஐயாவுக்கு சீனி வருத்தம், அவருக்கென்று தனியாகச் சீனி போடாத பிஸ்கட் செய்கிறோம். அது நல்லாயில்லை என்று தினமும் சொல்லிக்கொண்டே வாங்குகிறார். அங்கே எல்லாரும் இதை மிஸ்ஸி வண்டி என்றுதான் சொல்கிறார்கள். "மிஸ்ஸி வண்டியில மாலு பணிஸ் வந்திருக்கு" என்று மீன் வைத்த பணிசுக்காகப் பிள்ளைகள் கத்துகிறார்கள். புத்தகத்தில் என் பெயர் இருப்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

பிரேமினிக்குத் தோட்டத்து மைதானத்தில் ஓட்டப் பழக்கினேன். மூன்றே நாளில் என்னைவிட நன்றாக ஓட்டுகிறாள். கிளச்சை எப்படி விட வேண்டும் என்று இப்போது எனக்குச் சொல்கிறாள்.

உங்களைப் பார்க்க வரலாமா? எந்த நாளில் விடுவார்கள்?

தம்பி ரொஷான்

*

சிலாபம்.
2026 மே 9

அன்புத் தம்பிக்கு,

ஜூன் 14, ஞாயிற்றுக்கிழமை. காலை பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை. இடையில் கம்பித் தடுப்பு இருக்கும், அதைப் பார்த்துப் பிரேமினி பயப்பட வேண்டாம் என்று சொல். கை நீட்டலாம்.

பஸ்ஸில் வாருங்கள். அது மழைக்காலம், பாதை வழுக்கும். ஹட்டனிலிருந்து கொழும்புக்கு விடிய பஸ் இருக்கும், அங்கே மாறலாம். வண்டியில் வருவதாக ஒரு எண்ணம் உனக்கு இருந்தால் இப்போதே விட்டுவிடு. இது சகோதரி சொல்வதல்ல, அக்கா சொல்வது.

நீ எழுதிய அந்த ஒன்றைப் பற்றி நிறைய யோசித்தேன். உன்னிடமிருந்து நான் எடுத்துக்கொண்ட அதைத் திருப்பித் தர முடியாது. நீ வந்துவிட்டுத் திரும்பிப் போகும்போது, நான் கதவடியில் நின்று வழியனுப்ப மதரிடம் உத்தரவு கேட்டிருக்கிறேன். சரி என்றார்கள்.

அக்கா

*

நோர்வூட்.
2026 ஜூன் 17

அன்புள்ள அக்காவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தோம். வண்டியில் வந்ததற்கு நீங்கள் கதவடியில் திட்டியது போதாது, கடிதத்திலும் திட்டுவீர்கள் என்று பிரேமினி சொல்கிறாள். ஆண்டியப்பன் பிரேக், செயின் எல்லாம் பார்த்துத்தான் அனுப்பினார். வண்டி ஒரு இடத்திலும் பழுதாகி நிற்கவில்லை. உங்கள் மதர் வெளியே வந்து ஹாரனை அடித்துப் பார்த்தது மட்டும் நான் எதிர்பார்க்காதது.

அங்கே இரண்டு மணித்தியாலமும் எலிக் கூட்டைப் பற்றியும் கந்தப்பன் ஐயாவின் பிஸ்கட்டைப் பற்றியும்தான் பேசினேன். பேச நினைத்து வந்தது வேறு. எழுதத்தான் வருகிறது எனக்கு, உங்களைப்போல.

நான் ஒரு படத்தை மனதில் வைத்துக்கொண்டு வந்தேன். நீங்கள் மெலிந்து, கண் உள்ளே போய், எங்களைப் பார்த்ததும் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுவீர்கள் என்று. அழுதால், வீட்டுக்கு வாங்க அக்கா என்று கூப்பிட வேண்டும் என்றும் நினைத்திருந்தேன். உங்களுக்கென்று அறையில் பாதியைக்கூட ஒதுக்கியிருந்தேன், அது பிரேமினிக்கும் தெரியும். நீங்கள் முகமெல்லாம் சிரிப்பாக வந்து உட்கார்ந்தீர்கள். நெய் போட்டது மாதிரி கன்னம். நம் வீட்டில் இருந்த காலத்தில் நான் உங்களை அப்படிப் பார்த்ததில்லை.

உண்மையைச் சொன்னால், எனக்கு அது பிடிக்கவில்லை. கதவடியில் நீங்கள் கை காட்டியபோது பிடிக்கவில்லை. நீர்கொழும்பு தாண்டும்போதும் பிடிக்கவில்லை. அவிசாவளையில் மழை பிடித்துக்கொண்டது. கித்துல்கலையில் ஒரு கடையில் ஒதுங்கினோம். இரண்டு பிளேன்டீ சொன்னேன். பிரேமினி ஹெல்மட்டைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"என்ன, சிலாபத்துல இருந்து ஒரு வார்த்த பேசாம வர்றீங்க?"

"அக்கா நல்லா இருக்காங்க."

"அதுக்கா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீங்க?"

"இல்ல. அக்கா நல்லா இருக்காங்க."

இரண்டாம் தடவை சொன்னபோது அது எனக்கும் சந்தோஷமாக இருந்தது. பிளேன்டீயைக் குடித்தோம். மழை விடவில்லை, காத்திருக்கவும் முடியாது, காலையில் பாண் போட வேண்டும். கினிகத்தேனை ஏற்றம் முழுவதும் இரண்டாம் கியரில் ஏறினோம். பிரேமினி பின்னால் பாடிக்கொண்டே வந்தாள்.

உங்கள் தம்பி,
ரொஷான்